கை அசைத்தால் தாழ்ப்பாள்! பூட்டியதா என்று யார் சொல்வது?

கையை நீட்டினால் தண்ணீர் கொட்டும் குழாய் நமக்குப் பழகிவிட்டது. ஏர்போர்ட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஷாப்பிங் மால்களிலும் பார்த்திருப்பீர்கள். சோப்பு தருவது, கையை உலர்த்துவது, ஃப்ளஷ் செய்வது எல்லாம் சென்சாரின் வேலையாகிவிட்டது. மிச்சம் இருந்தது கதவும் தாழ்ப்பாளும்தான். இப்போது அதற்கும் சென்சார் வந்துவிட்டது. கதவுக்கு எதிரே கையை அசைத்தால் கதவு திறக்கும். உள்ளே போய் இன்னொரு சென்சார் முன் கையை அசைத்தால் கதவு மூடித் தாழ் விழும். வெளியே சிவப்பு விளக்கு எரியும். வேலை முடிந்து மீண்டும் கையை அசைத்தால் தாழ் விலகிக் கதவு திறக்கும்.

2020-ல் கொரோனா வந்த பிறகு "தொடாமல் திறக்கும்" என்று போட்டால் எதுவும் விற்கும் என்ற நிலை ஏற்பட்டது. இந்தத் தாழ்ப்பாள்களுக்கும் அப்போதுதான் யோகம் அடித்தது. கிருமிக்குப் பயந்து இதை வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் மாற்றுத் திறனாளிகளுக்கான பொதுக் கழிப்பறைகளில் இதை மாட்டும்போது விஷயமே வேறு. அங்கே இது சௌகரியம் அல்ல, மானப் பிரச்சினை. அதனால்தான் இந்த மாதம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கழிப்பறைக் கதவைப் பற்றி எழுதுகிறேன். உள்ளே இருப்பதும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் என்பதால் ஆசிரியர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

யாருக்கு இது தேவை?

என்னிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் இருக்கிறார். விபத்தில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, வீல்சேரில் இருப்பவர். தோளும் முழங்கையும் அசையும். விரல்கள் மடங்காது. டிராக்பால் மவுஸை உள்ளங்கையால் உருட்டுவார். கையில் பட்டை கட்டி அதில் செருகிய ஒரு குச்சியால் டைப் செய்வார். என்னைவிட வேகமாக எக்ஸெல் போடுவார். ஆனால் நம் ஊர்க் கழிப்பறைக் கதவில் இருக்கும் சாதாரணக் கொண்டியை அவரால் நகர்த்த முடியாது. அதைப் பிடிக்க இரண்டு விரல் சேர வேண்டும், பிறகு திருப்ப வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். மூன்றுமே அவரால் ஆகாது.

வீல்சேர் நுழையும் அளவுக்கு அகலமான கதவு, சாய்தளம், கைப்பிடிக் கம்பி எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கதவில் மட்டும் ஒரு ஆறு அங்குல இரும்புத் தாழ்ப்பாளை அடித்து வைத்திருக்கும் கழிப்பறைகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவர்கள், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர்கள் என்று இந்தத் தாழ்ப்பாளிடம் தோற்பவர்கள் நிறையப் பேர். இவர்களில் பலர் வீல்சேரில் இருப்பதில்லை. அதனால் நம் கண்ணில் படுவதும் இல்லை.

அமெரிக்காவின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த 2010-ம் ஆண்டு வடிவமைப்புத் தரத்தில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. கையால் இயக்கும் எந்தப் பாகமும் ஒரே கையால் இயங்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கவோ, கிள்ளிப் பிடிக்கவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது. தேவைப்படும் விசை 5 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, அதாவது சுமார் 2.2 கிலோ எடையைத் தள்ளும் அளவு. கையை அசைத்தால் போதும் என்ற தாழ்ப்பாள் இந்த விதியை அப்படியே பூர்த்தி செய்துவிடுகிறது. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் நல்லதா என்று கேட்டால் நல்லது என்றே சொல்வேன். என் சண்டை அதைப் பொருத்தும் விதத்தோடு.

அந்த இளைஞரிடம் இப்படி ஒரு கதவு வந்திருக்கிறது என்று சொன்னபோது அவர் முதலில் கேட்டது விலையை அல்ல. "உள்ளே போனதும் பூட்டிவிட்டது என்று எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். அவர் வீல்சேரிலிருந்து கோப்பைக்கு மாறி உட்காரவே சில நிமிடம் ஆகும். உடையைக் களைய இன்னும் சில நிமிடம். பாதியில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் நம்மைப் போல் சட்டென்று எழுந்து கதவைத் தள்ள அவரால் முடியாது. துணியை இழுத்து மூடிக்கொள்ளக்கூட முடியாது.

சென்சாருக்குள் என்ன இருக்கிறது?

முதலில் கையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். விலை குறைந்த கருவிகளில் இருப்பது இன்ஃப்ராரெட் முறை. உங்கள் டி.வி. ரிமோட்டில் இருக்கும் அதே சமாச்சாரம்தான். ரிமோட்டின் முனையை செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு எதிரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பல போன்களின் திரையில் ஊதா நிறத்தில் மினுக்குவதைப் பார்க்கலாம். ரிமோட்டில் அந்த ஒளி டி.வி.க்குப் போகிறது. சென்சாரில் அது உங்கள் கையில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் வெளிச்சம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் "கை வந்துவிட்டது" என்று கருவி முடிவு செய்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. திரும்பி வரும் வெளிச்சத்தின் அளவு தூரத்தை மட்டும் பொறுத்ததல்ல, எதிரே இருப்பதன் நிறத்தையும் பொறுத்தது. வெளிர் நிறம் அதிகமாகத் திருப்பி அனுப்பும், கரிய நிறம் குறைவாக அனுப்பும். 2017-ல் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. தானியங்கி சோப்புக் கருவி ஒன்று வெள்ளைக்காரரின் கைக்கு சோப்பு கொடுத்தது. கறுப்பினத்தவரின் கைக்குக் கொடுக்கவில்லை. அதே கையில் வெள்ளை டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு நீட்டியதும் கொடுத்துவிட்டது! பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோப்பு வராவிட்டால் பக்கத்துக் குழாய்க்குப் போகலாம். தாழ் விழாவிட்டால்? கரிய நிறக் கைகளே அதிகம் இருக்கும் நம் ஊரில், வெளிர் நிறக் கைக்குச் சரிபார்த்து அனுப்பிய சென்சாரை அப்படியே மாட்டுவது சரியல்ல.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. டைம்-ஆஃப்-ஃப்ளைட் என்ற வகை சென்சார், ஒளி எவ்வளவு வந்தது என்று பார்க்காமல், போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டுத் தூரத்தை அளக்கிறது. கையின் நிறம் இதன் முடிவை அவ்வளவாக மாற்றாது. வி.எல்.53எல்.0எக்ஸ் என்ற சிப் வைத்த சின்ன போர்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆர்டுயினோவில் விளையாடும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று மைக்ரோவேவ் ரேடார். 24 கிகா ஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, அசைவால் அதில் வரும் மாற்றத்தைப் பார்க்கிறது. வெளிச்சமோ நிறமோ இதற்கு ஒரு பொருட்டே அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்பதால் தண்ணீர் தெளித்தாலும் கவலை இல்லை. அதனாலேயே வேண்டாத அசைவையும் பிடித்துவிடும் என்பது அதன் குறை. விற்பனையாளரிடம் "எந்த வகை சென்சார்?" என்று கேட்டால் பெரும்பாலும் "இம்போர்ட்டட் சார்" என்று பதில் வரும். அது பதில் அல்ல.

மூன்று பட்டன் படுத்திய பாடு

கையைக் கண்டுபிடிப்பது சுலபமான பாதி. அந்த இளைஞர் கேட்ட கேள்விதான் கஷ்டமான பாதி. இது சென்சார் வந்த பிறகு முளைத்த பிரச்சினையும் அல்ல. மின்சாரத்தில் இயங்கும் கதவு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன் ரயில்கள்.

அங்கே 2000-களில் ஓடத் தொடங்கிய வோயேஜர், பெண்டோலினோ ரயில்களில் வீல்சேருக்கான கழிப்பறைக்குப் பெரிய வளைந்த நெகிழ்கதவு வைத்தார்கள். பட்டனை அழுத்தினால் தானாக நகரும். உள்ளே மூன்று பட்டன்கள்: திற, மூடு, பூட்டு. உள்ளே போனவர் "மூடு" பட்டனை அழுத்துகிறார். அகலமான கதவு ஆடி அசைந்து வந்து மூடுகிறது. மூடிவிட்டதே, போதும் என்று போய் உட்கார்ந்துவிடுகிறார். கதவு மூடியிருக்கிறது, ஆனால் பூட்டவில்லை. வெளியே நிற்பவர் பட்டனை அழுத்துகிறார். கதவு மெதுவாக, மிக மெதுவாக, முழுசாகத் திறக்கிறது. எதிரே நிற்பவர்கள் அத்தனை பேரும் பார்க்க, உள்ளே இருப்பவர் பட்டனைத் தேடி எழ வேண்டும். இது அந்த ஊர் ரயில் பயணிகளிடையே பிரபலமான ஜோக்காகவே ஆகிவிட்டது.

பயணிகள் முட்டாள்களா? இல்லை. உலகம் முழுக்க ஒரு சாதாரணத் தாழ்ப்பாள் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதை நகர்த்தும்போது கை உணர்கிறது. 'டக்' என்ற சத்தம் காதுக்குக் கேட்கிறது. கொண்டி குறுக்கே கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறோம். நான்கு வழிகளில் பதில் கிடைக்கிறது, அதுவும் ஒரு ரூபாய் மின்சாரம் செலவில்லாமல்! அதை எடுத்துவிட்டு ஒரு பட்டனையும் பொட்டு விளக்கையும் வைத்தால் இந்த நான்கு பதில்களும் போய்விடுகின்றன. சென்சார் வைத்தால் பட்டனை அழுத்திய உணர்வும் போய்விடுகிறது. காற்றில் கையை ஆட்டிவிட்டு, நடந்ததா இல்லையா என்று முழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு இது தெரிந்த கதை. கருவி ஒரு நிலையில் இருக்கிறது, பயனாளர் அது வேறு நிலையில் இருப்பதாக நினைக்கிறார். கேப்ஸ் லாக் போட்டது தெரியாமல் பாஸ்வேர்டை மூன்று முறை தட்டுகிறோமே, அதே வகை. டொனால்ட் நார்மன் என்ற பேராசிரியர் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பு பற்றி 1988-ல் எழுதிய புத்தகத்தில் கதவுகளை வைத்தே இதையெல்லாம் விளக்கினார். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் குழப்பும் கதவுகளுக்கு "நார்மன் கதவு" என்ற பெயரே நிலைத்துவிட்டது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் அதே கூத்து.

என் யோசனை எளியது. "மூடு", "பூட்டு" என்று இரண்டு வேலைகள் பயனாளருக்கு இருக்கவே கூடாது. ஒரு முறை கை அசைத்தால் மூடிப் பூட்ட வேண்டும். பூட்டுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருந்து, நாக்கு உண்மையிலேயே குழிக்குள் போய் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் விளக்கு எரிய வேண்டும். மோட்டாருக்குக் கட்டளை அனுப்பியதும் விளக்கைப் போட்டுவிடும் கருவிகள் இருக்கின்றன. கதவில் துணி சிக்கி நாக்கு விழாமல் போனாலும் அது "பூட்டியாச்சு" என்று சொல்லும். அதைவிட மோசமான பொய் வேறு இல்லை. விளக்கோடு ஒரு சத்தமும், முடிந்தால் "கதவு பூட்டப்பட்டது" என்று தமிழில் ஒரு குரலும் வேண்டும். பார்வையற்றவருக்கு விளக்கு உதவாது, காது கேளாதவருக்குக் குரல் உதவாது. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள், எனவே நிறத்தோடு எழுத்தோ படமோ சேர்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் இதெல்லாம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

டோக்கியோவில் கண்ணாடிக் கழிப்பறை

பூட்டின் நிலையைப் பெரிதாகக் காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 'டோக்கியோ டாய்லெட்' என்ற திட்டத்தில், 2020-ல் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் இரண்டு பூங்காக்களில் வண்ணக் கண்ணாடிக் கழிப்பறைகளைக் கட்டினார். ஆள் இல்லாதபோது உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரியும். சுத்தமாக இருக்கிறதா, யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பூட்டியதும் கண்ணாடி மங்கலாகி ஒன்றும் தெரியாமல் போய்விடும். 2023-ல் வந்த விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' படம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

பூட்டியதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. நான்கு சுவரும் சேர்ந்து சொல்கின்றன! ஆனால் குளிர்காலத்தில் கண்ணாடி மங்கலாக அதிக நேரம் எடுத்துக்கொண்டதால், சில காலம் அதை எப்போதும் மங்கலாகவே வைத்திருக்க வேண்டியதாயிற்று. பணமும் பராமரிப்பும் ஒழுங்கும் உள்ள ஊரிலேயே இந்த நிலை. பார்க்க நன்றாக இருக்கிறது, நான் ரசிக்கிறேன். நகலெடுக்கச் சொல்ல மாட்டேன்.

அதே திட்டத்தில் கஸூ சாட்டோ என்பவர் 2021-ல் குரல் கட்டளைக்கு வேலை செய்யும் ஒரு வெள்ளை அரைக்கோளக் கழிப்பறையைச் செய்தார். "ஹாய் டாய்லெட்" என்று கூப்பிட்டுச் சொன்னால் கதவு திறக்கும், தண்ணீர் ஓடும். பொதுக் கழிப்பறையில் மக்கள் காலால் ஃப்ளஷ் லீவரை அழுத்துவதையும் டிஷ்யூ பேப்பரால் கைப்பிடியைப் பிடிப்பதையும் கவனித்துத்தான் இந்த யோசனை வந்ததாம். விரல் மடங்காதவருக்குக் குரல் ஒரு நல்ல வழி. ஆனால் பேச்சு குழறுபவருக்கும் பேச முடியாதவருக்கும் அது வழியாகாது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் கருவிக்கு என்ன கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். எந்த ஒரு வழியும் ஒற்றை வழியாக இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

பார்வையற்றவர் சுவரைத் தடவுகிறார்

இந்த இடத்தில் சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம். தொடாமல் வேலை செய்யும் சென்சாரைவிட, ஒரு பெரிய பட்டனே பலருக்கு நல்லது என்பது என் கருத்து. உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. முழங்கையாலோ, முஷ்டியாலோ, வீல்சேரின் முனையாலோ இடித்தால் போதும். அழுத்தியதும் உள்ளே போய் வரும். மேலே தடித்த எழுத்தும் பிரெய்லும் போடலாம்.

சென்சார் என்பது சுவரில் வழவழவென்று இருக்கும் ஒரு கண்ணாடிச் சில்லு. பார்வையற்ற ஒருவர் தாழ்ப்பாளைத் தேடிக் கதவைத் தடவுவார். கைக்கு எதுவும் தட்டுப்படாது. சுவரைத் தடவும்போது தற்செயலாகச் சென்சார் முன் கை போய்விட்டால் கதவு திறந்துகொள்ளும்! தொட வேண்டாம் என்று வைத்ததே அவருக்குத் தொட்டு அறிய முடியாததாகிவிடுகிறது. நடுக்கம் உள்ளவர்களுக்கும் இதே தொல்லை. வீல்சேரைத் திருப்பும்போது முழங்கை அந்தப் பக்கம் போனால் போதும்.

பூட்டுவதும் திறப்பதும் ஒரே மாதிரி சுலபமாக இருப்பது தவறு. பூட்டுவதற்கு ஓர் அசைவு போதும். திறப்பதற்குக் கொஞ்சம் நிச்சயம் வேண்டும். இரண்டு விநாடி கையைப் பிடித்தால்தான் திறக்கும், பிடிக்கும்போதே 'பீப்' சத்தம் வந்து எச்சரிக்கும், எடுத்துவிட்டால் ரத்தாகிவிடும் என்று வைக்கலாம். ஃபைலை அழிக்கும்போது விண்டோஸ் "நிச்சயமாகவா?" என்று கேட்பதைப் போல. ஆளில்லாத கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் போவதற்கே இவ்வளவு ஜாக்கிரதை இருக்கிறதே! கையை இரண்டு விநாடி நிறுத்த முடியாதவருக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய பட்டன் இருக்கட்டும். சென்சார், பட்டன், இரண்டும் செத்துப்போனால் இயந்திரக் கைப்பிடி. மூன்றும் வேண்டும்.

கரண்ட் போனால்?

நம் வாசகர்களுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி இது. மின்பூட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. கரண்ட் போனால் திறந்துகொள்பவை ஒன்று, கரண்ட் போனால் பூட்டியபடியே நிற்பவை இன்னொன்று. கடைகளிலும் ஆபீஸ் வாசல்களிலும் பார்க்கும் காந்தப் பூட்டு முதல் ஜாதி. மின்சாரம் ஓடும்வரைதான் காந்தம் கதவைப் பிடித்திருக்கும். தீ விபத்தில் மக்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதால் ஆபீசுக்கு இது சரி. கழிப்பறைக்கு? டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனதும் உங்கள் கதவு தளர்ந்து நிற்கும்.

பேட்டரி வைக்கலாமே என்பீர்கள். 272 கிலோ இழுவை தாங்கும் சாதாரணக் காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். யு.பி.எஸ்.ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் தாங்க வேண்டும். நிஜத்தில் அதைவிடக் குறையும். இரண்டு கோடை கடந்த பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை உங்கள் வீட்டு யு.பி.எஸ்.ஸைக் கேளுங்கள். இதைவிட மோட்டார் நாக்குப் பூட்டு எவ்வளவோ மேல். நாக்கு நகரும் ஒரு விநாடிக்கு மட்டுமே கரண்ட் வேண்டும். நகர்ந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

என்னைக் கேட்டால் இப்படித்தான் இருக்க வேண்டும்: கரண்ட் போனாலும் வெளியிலிருந்து திறக்கக் கூடாது. உள்ளேயிருந்து, கரண்ட் இருக்கிறதோ இல்லையோ, ஒரு நீளமான கைப்பிடியை முழங்கையால் கீழே தள்ளினால் நாக்கு விலக வேண்டும். அந்தக் கைப்பிடிக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. அவசரத்துக்கு வெளியிலிருந்து ஊழியர் மட்டும் திறக்க ஒரு சாவித்துளை. கதவு நெகிழ்கதவாக இருந்தால், மோட்டார் செத்த பிறகும் கையால் தள்ளும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும்.

உள்ளே ஆள் இருக்கிறாரா?

இன்னொரு தலைவலி. யாரோ உள்ளே "மூடு" சென்சாருக்குக் கை காட்டிவிட்டுக் கதவு மூடுவதற்குள் வெளியே நழுவிவிட்டால் என்ன ஆகும்? காலி அறை உள்பக்கம் பூட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சிவப்பு விளக்கோடு நிற்கும். சின்னப் பையன்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்காது. ஆகவே உள்ளே ஆள் இருப்பதை அறிய இன்னொரு சென்சார் வைக்கிறார்கள்.

பெரும்பாலும் வைப்பது பி.ஐ.ஆர். சென்சார். உடல் வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு நகர்வதைக் கவனிக்கும் கருவி. இதற்கு இரண்டு பலவீனங்கள். அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆபீஸ் கழிப்பறையில் பாதியில் விளக்கு அணைந்து, இருட்டில் கையை ஆட்டிய அனுபவம் பலருக்கும் உண்டு. இரண்டாவது நம் வெயில். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே சுவரின் சூடு உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்போது, சுவரையும் மனிதரையும் பிரித்துப் பார்க்க அது திணறும். இப்படிப்பட்ட சென்சாரின் பேச்சைக் கேட்டு "ஆள் இல்லை, பூட்டைத் திற" என்று எழுதியிருக்கும் புரோகிராமை நான் நம்ப மாட்டேன். மூச்சு விடும் அசைவையே பிடிக்கும் மில்லிமீட்டர் அலை ரேடார்கள் இப்போது மலிவாகிவிட்டன. வைத்தால் அதை வையுங்கள்.

சில வெளிநாட்டுத் தானியங்கிக் கழிப்பறைகளில் நேரக் கெடு உண்டு. அது முடிந்தால் கதவு தானாகத் திறந்துவிடும். போதைப் பொருள் பயன்படுத்துபவர்களைத் தடுக்க, மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற என்று காரணம் சொல்வார்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்குக் கழிப்பறைக் காரியம் முடிய அரை மணி, முக்கால் மணிகூட ஆகும். அது அவர்கள் தவறு அல்ல. கெடு முடிந்தால் திறக்கக் கூடாது. உள்ளே குரல் கொடுத்து விசாரிக்கட்டும், பதில் இல்லையென்றால் ஊழியருக்கு மணி அடிக்கட்டும். ஊழியர் வந்து தட்டிக் கேட்டுத் திறக்கட்டும். ஊழியரே இல்லாத இடம் என்றால் தானியங்கிக் கதவே வைக்காதீர்கள்.

மணி என்றதும் பிரிட்டனின் சிவப்புக் கயிறு நினைவுக்கு வருகிறது. அங்கே மாற்றுத் திறனாளிகள் கழிப்பறையில் கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதில் இரண்டு சிவப்பு வளையங்கள், ஒன்று தரையிலிருந்து 800 முதல் 1000 மில்லிமீட்டர் உயரத்தில், இன்னொன்று வெறும் 100 மில்லிமீட்டர் உயரத்தில். கீழே விழுந்து கிடப்பவரும் இழுக்கலாம். எவ்வளவு மலிவான, எவ்வளவு புத்திசாலித்தனமான கருவி! தரை துடைப்பவர்கள் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள் என்பதால், "தயவுசெய்து கட்டாதீர்கள்" என்று அட்டை அடித்து அந்தக் கயிற்றில் மாட்டும் இயக்கமே அங்கே நடக்கிறது. சென்சார் பூட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு இந்தக் கயிற்றுக்கு ஒதுக்கலாம்.

சாவி யார் பையில்?

நம் நாட்டுக்கு வருவோம். சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. கட்டடங்களுக்கான ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று சுப்ரீம் கோர்ட், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 15(1)-ம் விதி மூலச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி உத்தரவிட்டது. ஆக, வரும் ஆண்டுகளில் ஏராளமான கழிப்பறைகள் கட்டப்படும், திருத்தப்படும். டெண்டர்கள் வரும். "டச்லெஸ்" என்ற வார்த்தையும் கூடவே வரும்.

ஆனால் இன்று நான் பார்க்கும் நிலை வேறு. வீல்சேர் படம் போட்ட கதவில் வெளிப்பக்கம் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும். பிரிட்டனிலும் இந்தக் கழிப்பறைகளைப் பூட்டித்தான் வைக்கிறார்கள். ஆனால் 1981-ல் தொடங்கிய தேசிய சாவித் திட்டத்தின்படி நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கழிப்பறைகளுக்கு ஒரே சாவி. 'ரேடார் கீ' என்பார்கள். அது தேவைப்படுபவரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் 1986-ல் இதே யோசனையில் 'யூரோ கீ' வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, வெறும் பித்தளையும் இரும்பும்.

இதையே மொபைல் ஆப்பாகச் செய்யலாம், ஓ.டி.பி. அனுப்பிக் கதவைத் திறக்கலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கிளம்புவார். தயவுசெய்து வேண்டாம். யார் எந்தக் கழிப்பறைக்கு எத்தனை மணிக்குப் போனார் என்ற பட்டியல் எந்த சர்வரிலும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிக்னல் கிடைக்கவில்லை என்று அவசரத்தில் நிற்பவருக்கு யார் பதில் சொல்வது? இந்தப் பூட்டில் வைஃபையே தேவையில்லை. பூட்டு பழுதானால் ஊழியர் அறைக்கு ஒரு வயர் மூலம் விளக்கெரிந்தால் போதும்.

உங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுசுக்கோ, நீங்கள் அறங்காவலராக இருக்கும் கல்யாண மண்டபத்துக்கோ, ஊர் நூலகத்துக்கோ இப்படி ஒரு கதவு வாங்கும் பேச்சு வந்தால் டெமோவின்போது நீங்களே உள்ளே போங்கள். இரண்டு கைவிரல்களையும் முஷ்டியாக மடக்கி ஒரு துணியால் சுற்றிக்கொள்ளுங்கள், பிறகு பூட்டித் திறந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. கறுப்பு உறை மாட்டிய கையால் இன்னொரு முறை. கடைசியாகப் பூட்டிக்கொண்டு கோப்பையின் மேல் உட்காருங்கள். எலெக்ட்ரீஷியனிடம் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் விற்பனையாளரைக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவரால் திறக்க முடியாமலும், உங்களால் முழங்கையாலேயே திறந்து வெளியே வர முடிந்தும் இருந்தால், அப்புறம் விலையைப் பேசலாம்.